சண்டைக்குப் பிறந்து காட்டுக்கு வந்த வண்டி: ஜீப்பின் கதை



நம்ம பக்கம் ஒரு பழக்கம் உண்டு. மேலே படுதா, பின்னாடி எதிரெதிரா ரெண்டு நீள சீட்டு, கல்லுலயும் சேத்துலயும் ஏறி இறங்குற நாலு சக்கரம், இவ்வளவு இருந்தாப் போதும். எந்தக் கம்பெனி செஞ்சிருந்தாலும் அது "ஜீப்பு"தான். கம்பம் பள்ளத்தாக்குல விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் பார்த்தா கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு மூணு பாதையிலயும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு வரிசையா ஜீப்பு போறது தெரியும். இது எங்கே பிறந்துச்சு, யாரு செஞ்சா, நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னு பல பேருக்குத் தெரியாது. அதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாப் படிங்க.

49 நாள் கெடு

1940ஆம் வருஷம். ஐரோப்பாவுல ஹிட்லரோட படை ஒவ்வொரு நாடா விழுங்கிக்கிட்டு இருந்த நேரம். அமெரிக்கா இன்னும் சண்டையில இறங்கல. ஆனா இறங்க வேண்டி வரும்னு அவங்க ராணுவத்துக்குத் தெரிஞ்சு போச்சு. வேவு பார்க்கவும், தபால் கொண்டு போகவும், சின்னத் துப்பாக்கி வண்டியை இழுக்கவும் ஒரு சின்ன வண்டி வேணும். நாலு சக்கரமும் இழுக்கணும், எடை குறைச்சலா இருக்கணும், சேறு மணல் எதுலயும் நிக்கக்கூடாது.

135 கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டாங்க. கெடு என்ன தெரியுமா? முதல் வண்டியை 49 நாள்ல கொண்டுவந்து நிறுத்தணும். பெரிய கம்பெனிகள் பலரும் இது ஆகிற காரியமில்லைன்னு ஒதுங்கிட்டாங்க. விலை எழுதிப் போட்டது ரெண்டே பேரு. ஒண்ணு வில்லிஸ் ஓவர்லேண்ட். இன்னொண்ணு பென்சில்வேனியா மாநிலத்துல பட்லர்ங்கிற ஊர்ல இருந்த அமெரிக்கன் பேண்டம். இந்த பேண்டம், சின்னக் கார் செஞ்சு வித்துப் பார்த்து விலை போகாம, மூடுற நிலைமைக்கு வந்திருந்த கம்பெனி. 49 நாள்ல கொடுத்துடறோம்னு ஒத்துக்கிட்டது அவங்க மட்டும்தான்.

அவங்ககிட்ட வரைபடம் போட எஞ்சினியர்கூட இல்ல. கார்ல் புரோப்ஸ்ட்னு ஒருத்தரை வெளியிலிருந்து கூப்பிட்டாங்க. அவரு உட்கார்ந்து சில நாள்ல முழு வண்டியையும் காகிதத்துல போட்டுக் கொடுத்துட்டார். அப்புறம் ராவும் பகலும் பட்டறை வேலை. 1940 செப்டம்பர் 23ஆம் தேதி, மேரிலாந்துல இருந்த ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்கு வண்டியை ஓட்டியே கொண்டு போனாங்க. கெடு சாயங்காலம் அஞ்சு மணி. வண்டி போய்ச் சேர்ந்தது நாலரைக்கு. அரை மணி நேரம்தான் மிச்சம்.

ராணுவம் வண்டியைச் சந்துலயும் பொந்துலயும் விட்டு அடிச்சுப் பார்த்துச்சு. பிடிச்சுப் போச்சு. இங்கேதான் கதை திரும்புது. பேண்டம் சின்னக் கம்பெனி, நமக்கு வேணும்கிற எண்ணிக்கையில இவனால செஞ்சு தர முடியாதுன்னு ராணுவம் நினைச்சது. பேண்டமோட வரைபடத்தை எடுத்து வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துட்டாங்க. அவங்களும் ஆளுக்கொரு வண்டி செஞ்சாங்க. ஃபோர்டு தன் வண்டியில வெச்சது சொந்த டிராக்டரோட என்ஜினை. 46 குதிரைசக்திதான். பேண்டம் வண்டியிலயும் ஏறக்குறைய அவ்வளவுதான். வில்லிஸ் என்ஜின் மட்டும் 60 குதிரைசக்தி. பார்னி ரூஸ்னு ஒரு எஞ்சினியர் பழைய கார் என்ஜினைத் தட்டித் தட்டிச் சீராக்கி வெச்சிருந்தார்.

ஆனா வில்லிஸ் வண்டிக்கு எடை கூடிப்போச்சு. ரூஸ் என்ன செஞ்சார்னா, வண்டியை மொத்தமாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் எடை போட்டார். நீளமான போல்ட்டை வெட்டிக் குட்டையாக்கினார். கனமான தகட்டை லேசாக்கினார். கடைசியில பெயின்ட்கூட ஒரு பூச்சோட நிறுத்திக்கிட்டதாச் சொல்வாங்க. அப்படித்தான் எடை வரம்புக்குள்ள வந்துச்சு.

1941 ஜூலையில பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போச்சு. முதல்ல 16,000 வண்டி, ஒண்ணுக்குச் சுமார் 739 டாலர். அதுவும் போதாதுன்னு ஃபோர்டும் அதே வண்டியை அச்சு அசலா செஞ்சு கொடுத்தது. வில்லிஸ் செஞ்சதுக்குப் பேரு எம்.பி., ஃபோர்டு செஞ்சதுக்குப் பேரு ஜி.பி.டபிள்யூ. தன் வண்டின்னு அடையாளம் தெரிய ஃபோர்டுக்காரங்க போல்ட்டு தலையிலகூட 'எஃப்'னு அச்சுப் போட்டு வெச்சாங்க. ஆனா இதுல இருக்கிற சாமானைக் கழட்டி அதுல மாட்டலாம். சண்டை முடியறதுக்குள்ள ரெண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளிட்டாங்க.

பேண்டம்? மொத்தமே 2,700 வண்டி சுமாருக்குத்தான் செஞ்சது. அதுக்கப்புறம் ஜீப்புக்குப் பின்னாடி கட்டுற டிரெய்லர் செய்யற வேலை அவங்களுக்குக் கிடைச்சது. விதை கொடுத்தவன் வரப்புல நிக்க, வெள்ளாமை வேற வீட்டுக்குப் போன கதைதான். ஜீப்பை நாங்கதான் படைச்சோம்னு வில்லிஸ் விளம்பரம் போட்டதுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, அந்த யோசனை பேண்டத்தோடதுதான்னு 1948ல சொன்னது. நியாயம் கிடைச்சது. பேரு கிடைக்கல. 1950ல 'ஜீப்'ங்கிற பேரையும் வில்லிஸே தன் பேர்ல பதிஞ்சுக்கிட்டது.

அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுங்கிறதுல இன்னிக்கும் சண்டைதான். ஃபோர்டு வெச்ச 'ஜி.பி.'யை வேகமாச் சொல்லி 'ஜீப்' ஆச்சுங்கிறாங்க ஒரு சாரார். 1936லயே பாப்பாய் படக்கதையில 'யூஜீன் த ஜீப்'னு, எங்கே வேணும்னாலும் போயிட்டு வர்ற ஒரு மாய மிருகம் வந்துச்சு, அதைப் பார்த்து சிப்பாய்கள் வெச்ச பேருங்கிறாங்க இன்னொரு சாரார்.

அந்த வண்டியில என்ன இருந்துச்சு?

ஒண்ணுமே இல்லைங்கிறதுதான் அதோட பெருமை. கதவு இல்ல, கூரை இல்ல. மழை வந்தா படுதாவை இழுத்துக் கட்டிக்கணும். முன் கண்ணாடியை மடக்கிப் பானட் மேல படுக்க வைக்கலாம். தகடு எல்லாம் தட்டையானது. வளைவு நெளிவு இல்லாததால செய்யறதும் சுலபம், நசுங்கினா சுத்தியலால தட்டி நிமித்துறதும் சுலபம். முன் சக்கரத்துக்கு மேல இருக்கிற மட்கார்டும் பலகை மாதிரி தட்டைதான். அதுல தட்டை வெச்சு சாப்பிடுவாங்க, வரைபடத்தை விரிச்சுப் பார்ப்பாங்க. பானட்டை மேடையா வெச்சு சண்டைக்களத்துல பாதிரியார்கள் பூசை நடத்தின படமெல்லாம் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் ஹெட்லைட். ஒரு திருகைத் தளர்த்திட்டு விளக்கைப் பின்பக்கமாத் திருப்பினா, வெளிச்சம் நேரா என்ஜின் மேல விழும். ராத்திரியில நடுக்காட்டுல வண்டி நின்னுட்டா ரிப்பேர் பார்க்க வேற விளக்கு வேண்டாம். வண்டி நிக்கும், ஓட்டுறவன் தானேதான் சரி பண்ணிக்கணும்னு தெரிஞ்சு செஞ்சிருக்காங்க பாருங்க.

உள்ள மூணு கியர் ராடு. ஒண்ணு வழக்கமான கியருக்கு. ஒண்ணு முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க. இன்னொண்ணு லோ கியருக்கு. லோவுல போட்டா வேகம் குறையும், இழுவை கூடும். டிராக்டர் ஓட்டுறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். முன் சக்கரத்தையும் சேர்த்துட்டா, பின் சக்கரம் சேத்துல சுத்தினாலும் முன்னாடி இருக்கிறது வண்டியை இழுத்துக்கும். அமெரிக்கத் தளபதி ஐசனோவர், சண்டையை ஜெயிக்க உதவின சாமான்கள்னு எழுதின பட்டியல்ல ஜீப்பும் ஒண்ணு.

டிராக்டர் ஆகப் பார்த்த ஜீப்

சண்டை முடிஞ்சா ராணுவ ஆர்டரும் முடிஞ்சிடும். வில்லிஸ் அதுக்கு முன்னாடியே யோசிச்சது. யாருகிட்ட விக்கலாம்? விவசாயிகிட்டதான்.

1945ல சி.ஜே.-2ஏ வந்துச்சு. சி.ஜே.ன்னா சிவிலியன் ஜீப், அதாவது ஊர்சனத்துக்கான ஜீப். விலை 1,090 டாலர். பின்னாடி கதவு வெச்சாங்க, மூட்டை ஏத்த. ஸ்டெப்னியைப் பக்கவாட்டுக்கு மாத்தினாங்க. ராணுவ வண்டியில டிரைவர் சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊத்தணும், அதை வெளிப்பக்கம் கொண்டுவந்தாங்க. ஹெட்லைட்டைப் பெருசாக்கினாங்க. ராணுவ வண்டி முகத்துல ஒன்பது பொளிவு இருந்துச்சு, இதுல ஏழு ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஜீப்போட அடையாளம் அந்த ஏழுதான். முக்கியமானது, நம்ம டிராக்டர்ல ரோட்டவேட்டர் ஓட்டுறோமே, அந்த மாதிரி பி.டி.ஓ. மாட்ட வசதி கொடுத்தாங்க. பெல்ட்டு போட்டு ரம்பம் ஓட்டலாம், தானியம் அடிக்கலாம், கலப்பை கட்டி உழலாம், ஞாயித்துக்கிழமை அதுலயே குடும்பத்தோட கோயிலுக்குப் போகலாம்னு விளம்பரம்.

நாலு வருஷத்துல ரெண்டு லட்சத்துக்கும் மேல வித்துச்சு. ஆனா உழவுக்குன்னு பார்த்தா ஜீப்பு ஜெயிக்கல. காரணம் நமக்குத் தெரிஞ்சதுதான். உழவுக்கு இழுவை எங்கிருந்து வருது? பின்னாடி பெரிய சக்கரமும், அது மேல இறங்குற எடையும்தான். ஜீப்பு ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் மேல. சக்கரமும் சின்னது. பயிர் வரிசைக்குத் தகுந்த மாதிரி சக்கர அகலத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. அடிப்பாகம் தாழ்வு, வளர்ந்த பயிருக்குள்ள விட முடியாது. அந்தப் பக்கம் ஃபோர்டு டிராக்டர் 1939லயே ஃபெர்குசன் கண்டுபிடிச்ச மூணு புள்ளி ஹைட்ராலிக் இணைப்போட வந்திருந்துச்சு. இன்னிக்கு நாம எல்லா டிராக்டர்லயும் பார்க்கிறது அதுதான். அதுக்கு முன்னாடி ஜீப்பு எப்படி நிக்கும்? 1951ல உழவுக்குன்னே 'ஃபார்ம் ஜீப்'னு ஒண்ணு விட்டாங்க. யாரும் பெருசா வாங்கல.

உழவுல தோத்தாலும் தோட்டத்துக்குப் போக, தீவனம் ஏத்த, வேலியைச் சுத்திப் பார்க்க இதை விட்டா வேற இல்லைன்னு ஆயிடுச்சு. இங்கிலாந்துல மோரிஸ் வில்க்ஸ்னு ஒருத்தர், ரோவர் கார் கம்பெனி எஞ்சினியர். தன் பண்ணைக்குப் பழைய ராணுவ ஜீப்பு ஒண்ணு வெச்சிருந்தார். இது தேஞ்சு போனா அடுத்து என்ன வாங்கறதுன்னு யோசிச்சு, ஜீப்போட சட்டத்து மேலயே ஒரு மாதிரி வண்டி கட்டிப் பார்த்தாங்க. 1948ல வந்த லேண்ட் ரோவர் அப்படிப் பிறந்ததுதான். பிலிப்பைன்ஸ்ல அமெரிக்கப் படை விட்டுட்டுப் போன ஜீப்பை நீட்டி, கலர் கலரா பெயின்ட் அடிச்சு 'ஜீப்னி'ன்னு டவுன் பஸ்ஸா ஆக்கிட்டாங்க.

பம்பாய்க்கு வந்த கதை

நம்ம நாட்டுக்கு இது வந்தது சுதந்திரத்தை ஒட்டி. 1945ல ஜே.சி.மகேந்திரா, கே.சி.மகேந்திரா அண்ணன் தம்பி ரெண்டு பேரும், மாலிக் குலாம் முகமதுங்கிறவரும் சேர்ந்து 'மகேந்திரா அண்ட் முகமது'ன்னு எஃகு வியாபாரக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. நாடு ரெண்டாப் பிரிஞ்சப்போ குலாம் முகமது பாகிஸ்தான் போயிட்டார். அங்கே முதல் நிதி மந்திரி, அப்புறம் கவர்னர் ஜெனரல். இங்கே கம்பெனிப் பலகையில அந்த எடத்துல இன்னொரு மகேந்திரா வந்து 1948ல 'மகேந்திரா அண்ட் மகேந்திரா' ஆச்சு.

1947லயே வில்லிஸ் கம்பெனிகிட்டயிருந்து 75 ஜீப்பைத் துண்டு துண்டா வரவழைச்சு, பம்பாய் மஸகான்ல வெச்சுப் பூட்டினாங்க. 1950கள்ல உரிமம் வாங்கி இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல 1953ல சி.ஜே.-3பி வந்துச்சு. புது என்ஜின் உயரமா இருந்ததால பானட்டையும் தூக்கி வெச்ச வண்டி. அங்கே 1968ல அதை நிறுத்திட்டாங்க. இங்கே அந்த உடம்புதான் பல வருஷம் ஓடுச்சு. நம்ம பெரியவங்க கண்ணுல ஜீப்புன்னா அந்தத் தூக்கின மூக்குதான். ஆரம்பத்துல வந்ததெல்லாம் இடதுபக்க ஸ்டியரிங். பின்பக்கம் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்'னு பெயின்ட்ல எழுதியிருக்கிற பழைய ஜீப்பைச் சில பேரு பார்த்திருப்பீங்க.

கிராமத்துக்கு ஜீப்பு முதல்ல வந்தது அதிகாரமாத்தான். 1952 அக்டோபர் 2ல சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சாங்க. ஒன்றியத்துக்கு ஒரு பி.டி.ஓ. வந்தாரு, அவருக்கு ஒரு ஜீப்பு வந்துச்சு. தூரத்துல புழுதி கிளம்பினாலே "பிளாக் ஜீப்பு வருது"ன்னு ஊரு கூடும். போலீஸ் ஜீப்புன்னா ஊரு கலையும். குடும்பக் கட்டுப்பாடு, மலேரியா மருந்து, புது ரக நெல், தேர்தல் மைக்செட்டு, எல்லாமே ஜீப்புலதான் ஊருக்குள்ள வந்துச்சு.

1963ல மகேந்திரா, அமெரிக்காவோட இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோட கூட்டு சேர்ந்து டிராக்டர் செய்ய இறங்கினாங்க. 1973க்கு அப்புறம் பெட்ரோல் விலை ஏறினப்போ டீசல் ஜீப்பு தேவைப்பட்டுச்சு. கையில இருந்தது டிராக்டர் என்ஜின். அதைத் தூக்கி ஜீப்புல வெச்சாங்க. 1940ல ஃபோர்டு செஞ்ச அதே வேலை! சத்தம் காது கிழியும், வேகம் வராது. ஆனா டிராக்டர் மெக்கானிக் எவனும் கை வைக்கலாம். 1980கள்ல பிரெஞ்சு பியூஜோ டீசல் என்ஜினோட எம்.எம்.540 வந்துச்சு. இன்னிக்கும் மலைத்தோட்டக்காரங்க விலை கூட்டிக் கேக்கிற வண்டி அது. அப்புறம் ஆள் ஏத்துறதுக்குன்னு நீட்டின கமாண்டர் மாதிரி வண்டிகள். இதுல பலது பின் சக்கரம் மட்டும் இழுக்கிறதுதான். உருவத்துலதான் ஜீப்பு. ஃபோர் வீல்னு நம்பி வாங்காம, முன்னாடி குனிஞ்சு ஆக்சிலைப் பார்த்து வாங்குங்க.

மலைப்பாதையில

நம்ம மலைக்கு ஜீப்பு எதுக்குன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. ஏலத்தோட்டத்துக்கு உள்ள பஸ்ஸு போகாது. பாதைன்னு சொல்றது பாறையும் வேரும். ஜீப்புல ஏறிப் போனாத்தான் காலைக் கூலிக்குப் போய் இருட்டறதுக்குள்ள வீடு வர முடியும். அடிவாரத்து ஊர்கள்ல எத்தனையோ பொம்பளைங்களோட அடுப்பு இந்த வண்டியை நம்பித்தான் எரியுது. இங்கேயே மழை பொய்ச்ச வருஷம் மேல போய் சம்பாதிச்சுக் கடனை அடைச்ச குடும்பங்கள் நிறைய.

ஆனா ஒண்ணை மறைக்காமச் சொல்லணும். இந்த வண்டி ரெண்டு மூணு பேரு ஏறி வேவு பார்க்கப் போறதுக்காகப் போட்ட உருவம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம்தான். குட்டை, ஒடுக்கம், அதுல உயரம். பாரம் மேல ஏற ஏற வளைவுல சாயும். அமெரிக்காவுலயே சி.ஜே.-5 வண்டி வளைவுல உருளுதுன்னு 1980ல டிவியில போட்டுக் காட்டி பெரிய பிரச்சினை ஆச்சு. நீட்டின வண்டின்னாலும் இதே கணக்குதான். பத்துப் பேரு போற வண்டியில பதினெட்டு இருபது பேரை அடைச்சு, படியில தொங்க விட்டுக் கொண்டு போறோம். மெட்டுப் பாதையில கவிழ்ந்த செய்தி வராத வருஷம் இல்ல. அப்போ வண்டியைக் குறை சொல்றதுல அர்த்தமில்ல. இன்னொரு வண்டிக்கு வாடகை கொடுக்க மனசு வராததுதான் காரணம். கூலிக்குப் போறவங்க உசுரும் உசுருதான்.

இப்போ

அமெரிக்காவுல ஜீப்பு கம்பெனி கை மாறிக்கிட்டே போச்சு. 1953ல கைசர், 1970ல அமெரிக்கன் மோட்டார்ஸ், 1987ல கிரைஸ்லர். 1986ல சி.ஜே. வரிசையை நிறுத்திட்டு ரேங்க்லர்னு புதுசு கொண்டுவந்தாங்க. அது இப்போ நம்ம நாட்டுலயும் விக்குது. விலை அம்பது லட்சத்துக்கு மேல. மகேந்திரா 2010ல தார்னு ஒண்ணு விட்டுச்சு, பழைய ஜீப்போட நேர் வாரிசு. 2020ல வந்த புதுத் தார் ஏசி, டச் ஸ்கிரீன் எல்லாத்தோடயும் டவுன் ரோட்டுல ஓடுது.

நடுவுல ஒரு வேடிக்கை. மகேந்திரா 2018ல பழைய ஜீப்பு உருவத்துலயே 'ராக்ஸர்'னு ஒரு வண்டியை அமெரிக்காவுல, ரோட்டுக்கு வெளியே ஓட்டுறதுக்குன்னு விக்கப் போச்சு. எங்க முகத்தைக் காப்பி அடிச்சுட்டாங்கன்னு ஜீப்புக்காரங்க புகார் கொடுத்தாங்க. 2020ல தீர்ப்பு மகேந்திராவுக்கு எதிரா வந்து, முகத்தை மாத்தினப்புறம்தான் விக்க விட்டாங்க. பேண்டத்தோட படத்தை வாங்கிச் செஞ்ச வண்டி, அதோட முகம் எங்க சொத்துன்னு வழக்கு! பட்லர் ஊருக்காரங்க கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க.

இந்த எண்பது வருஷக் கதையில எனக்குப் பெருசாத் தெரியறது ஒண்ணுதான். ஜீப்பு வேகத்தால நிலைக்கல, சொகுசால நிலைக்கல. ஒரு ஸ்பேனர் பையும் கொஞ்சம் மூளையும் இருக்கிறவன் திறந்து பார்த்துப் புரிஞ்சுக்கிற மாதிரி இருந்ததால நிலைச்சது. போர்க்களத்துல சிப்பாய் சரி பண்ணினான், மலையில நம்ம பையன் சரி பண்றான். ஆக்சில் உடைஞ்சா லேத்துல கடைஞ்சு போட்டுக்கலாம். இப்போ வர்ற வண்டியில ஒரு விளக்கு எரிஞ்சா கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கணும், ஷோரூமுக்குக் கட்டி இழுக்கணும். டிராக்டரும் அந்த வழிக்கே போயிட்டிருக்கு. நம்ம கையில இருக்கிற மெஷின் நமக்குப் புரியாமப் போகப் போக, அதோட கடிவாளம் இன்னொருத்தன் கைக்குப் போகுதுன்னு அர்த்தம். அதனால வண்டியோ டிராக்டரோ மோட்டாரோ, வாங்கும்போது விலையை மட்டும் கேக்காதீங்க. நின்னு போனா நம்ம ஊர்ல யாரு சரி பண்ணுவான்னும் கேளுங்க.

பழைய ஜீப்பை இப்போ டவுன்ல இருந்து வந்து தேடித் தேடி வாங்கிட்டுப் போறாங்க. வீட்டுல ஒண்ணு நிக்குதுன்னா யோசிச்சுக் கொடுங்க. உங்க ஊருக்கு முதல் ஜீப்பு எப்போ வந்துச்சு, யாரு வெச்சிருந்தாங்கன்னு எண்பது வயசைத் தாண்டினவங்க இருந்தா இப்பவே கேட்டு எழுதி வெச்சுக்கங்க. அமெரிக்கா கதையை எழுத ஆயிரம் பேரு இருக்காங்க. நம்ம ஊரு கதையை நாமதான் எழுதணும்.